வலை எந்தப் பக்கம்

போன மாதம் எங்கள் பழைய கம்பெனி லேபுக்குப் போயிருந்தேன். ரிடையரான ஆள் அங்கே அடிக்கடி தலைகாட்டினால் டீ கொடுத்தே வழியனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் புது மெஷின் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் கால் நிற்கவில்லை. கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டி. உள்ளே தோல் துண்டைத் தொங்கவிட்டு மூடிவிட்டால் உப்புத் தண்ணீர் பனி மாதிரி அதன்மேல் விழுந்துகொண்டே இருக்கிறது. கடல்காற்றைத் தோல் தாங்குமா என்று ஆம்பூரில் ஏ.சி. ரூமில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம்.

அதைப் பார்த்துக்கொள்ளும் ஷபானா கேட்டாள். "உங்க டயத்துல சால்ட் டெஸ்ட் எப்படி சார் பண்ணீங்க?"

"கடலுக்குப் போனேம்மா."

"கலாய்க்காதீங்க சார். நெஜமா சொல்லுங்க."

நிஜமாகத்தான் சொன்னேன். அவள் நம்பவில்லை. அதனால் எழுதுகிறேன்.

குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் லுங்கி நெய்கிறவர்கள். நான் வேலூரில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தேன். எழுபதுகளின் நடுவில் பெல்பாட்டம் பேன்ட்டும் காதை மூடிய முடியுமாக ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் லேபில் சேர்ந்தேன். சுண்ணாம்புத் தொட்டி, தோலைப் போட்டுச் சுற்றவிடும் டிரம், ஆவாரம்பட்டைத் தண்ணீர் என்று எல்லா செக்‌ஷனிலும் கொஞ்ச காலம் தள்ளினார்கள். நாற்றம் பழகியது. வாய் மட்டும் அடங்கவில்லை. பி.எஸ்சி. முடித்தவன் நான் ஒருத்தன்தான் என்பதை டிரம் ஓட்டுகிறவர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தேன். "இன்னா சயின்டிஸ்ட்டு, சாப்பிட்டியா?" என்று கேட்பார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு மேலே இருந்தவர் எக்ஸ்போர்ட் மேனேஜர் அன்வர் பாய். அவருக்கும் மேலே, கம்பெனியில் இல்லாமலே எங்கள் எல்லோருக்கும் மேலே இருந்தவர், லார்சன் என்கிற டென்மார்க்காரர். பாய்மரப் படகில் போகிற பணக்காரர்கள் போடும் ஷூ தைக்கிற கம்பெனி ஒன்றுக்குத் தோல் வாங்குகிறவர். எங்கள் டிரம்களில் பாதி அவருக்காகத்தான் சுற்றிக்கொண்டிருந்தன.

அசார்ட்டிங் டேபிளில் அவர் நிற்பதைப் பார்க்க வேண்டும். தரம் பிரிக்கிற அந்த மேஜையை வடக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்வார். டியூப்லைட்டை அணைக்கச் சொல்வார். ஒரு தோலை எடுத்து முதலில் முகர்வார். பிறகு வெளிச்சத்துக்குச் சாய்த்து, உள்ளங்கையால் கழுத்திலிருந்து வால் பக்கம் வரை ஒரே தடவல். புரட்டி, சதைப் பக்கத்தைப் பார்ப்பார். தோல் உரிக்கும்போது கசாப்புக்காரன் கத்தி எங்கேயாவது இறங்கியிருந்தால் அவர் விரல் அங்கே நின்றுவிடும். சட்டைப் பையிலிருந்து நீல மெழுகுக் குச்சியை எடுத்து, அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான். அந்தத் தோல் அவருக்கு வேண்டாம். மெழுகுக் குறி என்பதால் தண்ணீரிலும் போகாது. அப்புறம் அதை உள்ளூரில் வருகிற விலைக்குத் தள்ள வேண்டியதுதான்.

ஒருமுறை அன்வர் பாய் பொறுக்க முடியாமல் சொன்னார், இது உரித்தவன் போட்ட வெட்டு, எங்கள் தப்பு இல்லையே என்று. நான்தான் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். லார்சன் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்: "யார் தப்பு என்று தோலில் எழுதியிருக்காது. வெட்டு மட்டும்தான் இருக்கும்."

பாய் ஏலக்காய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த தோலை எடுத்து வைத்தார்.

அந்த லார்சன் ஒரு வருஷம் விமானத்தில் வராமல், சொந்தப் பாய்மரப் படகில் மனைவியோடு மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார். எங்கள் தோலில் தைத்த ஷூ உப்புத் தண்ணீர் பட்டு விறைக்கிறது என்று புகார். நாகப்பட்டினம் வரை படகில் வந்து, நனைவதையும் காய்வதையும் கண்ணால் பார்த்து எழுத லேபிலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்றார். கரையோரத்தில் தமிழ் பேசவும் ஆள் வேண்டியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து என்னைக் காட்டிவிட்டார் பாய். துறைமுகத்தில் வாங்க வேண்டிய அனுமதியெல்லாம் அவரே அலைந்து வாங்கினார்.

கிளம்புகிற அன்று ஆம்பூர் ஸ்டேஷனில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "தோ பாரு. உன் கெமிஸ்ட்ரி, உன் வாயி, ரெண்டையும் காட்பாடியிலயே எறக்கி வச்சிட்டுப் போ. துரை இன்னா சொன்னாலும் சரின்னு சொல்லு. அந்தாளு ஆர்டரு போச்சின்னா பாதி டிரம்மு நின்னுடும். அப்பறம் நீயும் நானும் பேர்ணாம்பட்டுல பீடி சுத்தலாம்."

"எனக்குக் கடலு ஒத்துக்குமா பாய்?"

"மெரினாவுல கால் நனச்சிருக்கியா?"

"ஆங்."

"போதும் போ."

போதவில்லை. துறைமுகச் சுவரைத் தாண்டியதுமே குடலே வாய்க்கு வந்தது. லார்சனின் மனைவி இங்கர் ஒரு வாளியைக் கொடுத்து, மூலையில் உட்காரவைத்து, காலில் டெஸ்ட் ஷூவையும் மாட்டிவிட்டார். அப்படித்தான் என் ஆராய்ச்சி தொடங்கியது.

மகாபலிபுரத்துக்கு நேராகப் போகும்போது முதல் கட்டுமரம் எங்களைப் பார்த்து வந்தது. லார்சன் இதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். வேறு துறைமுகங்களில் வேறு படகுக்காரர்கள் சொல்லிக்கொடுத்ததாம். மீன்பிடிக்கிறவர்கள் நம்மை நோக்கி வந்தால் முதலில் மனைவி உள்ளே போக வேண்டும். கேமரா, பைனாகுலர் எல்லாம் உள்ளே. கதவைச் சாத்த வேண்டும். யாரும் கையசைக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. வருகிற படகுக்கு முதுகைக் காட்டித் திருப்பிக்கொண்டு ஓட வேண்டும்.

எல்லாம் அப்படியே செய்தோம். காற்று குறைவு என்பதால் கட்டுமரம் எட்டிப் பிடித்துவிட்டது. கட்டுமரத்திலிருந்தவன் விரலை உதட்டில் வைத்து சிகரெட் கேட்டான். நாங்கள் பாறை மாதிரி உட்கார்ந்திருந்தோம். அவன் எங்கள் முகத்தைப் பார்த்தான், பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான், இரண்டு மீனை எடுத்து எங்கள் தளத்தில் வீசிவிட்டுப் போய்விட்டான். மீன் துள்ளி என் டெஸ்ட் ஷூமேல் விழுந்தது.

"தப்பித்தோம்" என்றார் லார்சன். மீனைக் கொடுத்துவிட்டுப் போனவனிடமிருந்து எதைத் தப்பித்தோம் என்று கேட்க வாய் வந்தது. காட்பாடியை நினைத்துக்கொண்டு அடக்கினேன். இங்கர் மீனை வறுத்தார். அருமையாக இருந்தது.

மறுநாள் கல்பாக்கத்துக்குத் தெற்கே, வெயில் ஏறிய பிறகு, இன்னொரு கட்டுமரம். இரண்டு பேர். இவர்கள் நேற்று வந்தவன் மாதிரி சாவகாசமாக வரவில்லை. உயிர் போகிற வேகத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டு நேராக எங்கள் படகின் மூக்குக்கு வந்தார்கள். ஒருத்தன் எழுந்து நின்று, துடுப்பின் நுனியில் லுங்கியைக் கட்டி ஆட்டினான். பச்சையும் கருப்புமாகக் கட்டம் போட்ட லுங்கி. அந்தக் கட்டத்தை எங்கள் தெருவில் ஒவ்வொரு தறியிலும் பார்த்திருக்கிறேன்.

லார்சன் தன் முறையைத் தொடங்கிவிட்டார். இங்கர் உள்ளே. கதவு சாத்தியாயிற்று. சுக்கானைத் திருப்பி, கட்டுமரத்துக்கு முதுகைக் காட்டி, கடல் பக்கமாக ஓட ஆரம்பித்தோம். கட்டுமரத்திலிருந்தவன் கத்தியது காற்றில் துண்டு துண்டாக வந்தது. அதில் ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"சார், வலைன்னு சொல்றாங்க. வலை இருக்காம்."

"நம்மை நிறுத்தவும் அதையேதான் சொல்வார்கள்" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் படகு நின்றது. மோதவில்லை, சத்தமும் இல்லை. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி மெல்ல நின்றது. எட்டிப் பார்த்தேன். இருபுறமும் கட்டை மிதவைகள் வரிசையாக எங்களை நோக்கி இழுபட்டு வந்துகொண்டிருந்தன. வலை, படகுக்கு அடியில் நீண்டு நிற்கும் கீல் பலகையிலும் சுக்கானிலும் மாட்டியிருந்தது. ஒரு மடிப்பு பின்பக்கத் தளத்தின்மேலேயே ஏறிக் கிடந்தது.

அவர்கள் எங்களை மறிக்க வந்ததே வலையிலிருந்து விலக்கத்தான். வலையின் கரைப் பக்க முனையிலிருந்து கிளம்பி வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக் கடல் பக்கமாக ஓடினால், அங்கே நீண்டு கிடந்த வலைமேல்தான் ஓட வேண்டும். எங்கள் முறை அப்படிப்பட்ட முறை.

லார்சனின் நிலைமையும் எனக்குப் புரிந்தது. இன்ஜினைப் போட்டால் விசிறியில் வலை சுற்றிக்கொள்ளும். நங்கூரம் போட்டால் அதிலும் சுற்றும். கடல்காற்று ஏறத் தொடங்கியிருந்தது. அது கரைப் பக்கம்தான் தள்ளும், கரையில் அலை வெள்ளையாக உடைவது இங்கிருந்தே தெரிந்தது. அவர் படகின் பாயை இறக்கினார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார்.

கட்டுமரம் பக்கத்தில் வந்து இடித்தது. லுங்கி ஆட்டியவர் நாற்பது வயதுக்காரர், பெயர் எத்திராஜ் என்று பிறகு தெரிந்தது. கூட இருந்தவர் அவருடைய மச்சான். கத்தியைப் பார்த்ததும் எத்திராஜ் எங்கள் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"யோவ், நீ தமிழாளு தானே? சொல்லுய்யா அவராண்ட. அறுக்க வேணாம்னு சொல்லு."

"இன்னாண்ணே, சுத்திக்கினு கெடக்குதே?"

"நான் எறங்கி எடுத்துடறேன். துண்டு துண்டா கோத்த வலதான், நடுவுல சேர்ற மூட்ட அவுத்தா வந்துடும். கடன் வாங்கிப் போட்ட புது வல. இந்த சீசனே இதாலதான். கத்திய வச்சா நாங்க கரையில உக்காந்து மண்ணத்தான் அள்ளணும்."

மச்சான் சொன்னார், "அவ்ளோ தூரம் லுங்கிய அவுத்துக் காட்டினோமே, வேற எதக் காட்டணும் இவுங்களுக்கு?"

நான் லார்சனிடம் சொன்னேன். அவர் கரையைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார். "நேரம் இல்லை. வெட்டிவிட்டு, பணம் கொடுத்துவிடலாம்" என்றார். நியாயமாகப் பேசுவதாகவே நினைத்தார். வலையின் மேல்கயிற்றை இடது கையில் தூக்கிப் பிடித்தார்.

என்ன சொன்னாலும் சரி என்று சொல்ல வேண்டும். ஆம்பூரில் பாதி டிரம் இந்த மனிதருக்காகச் சுற்றுகிறது. எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் அந்தக் கத்தி கயிற்றுக்குப் பக்கத்தில் போனபோது என் கை தானாக நீண்டது. அவர் சட்டைப் பையில் எப்போதும் போல நீல மெழுகுக் குச்சி இருந்தது. கேட்காமல் எடுத்தேன். வலை ஏறிக் கிடந்த வெள்ளைத் தளத்தில், அதற்குப் பக்கத்திலேயே, பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

"யார் தப்பு என்று வலையில் எழுதியிருக்காது சார்" என்றேன். "வெட்டு மட்டும்தான் இருக்கும்."

லார்சன் குறியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. அவர் காது மட்டும் சிவந்தது. எத்திராஜ் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து இங்கர் கதவைத் திறந்து என்ன நடக்கிறது என்று கேட்டார். லார்சன் அவரிடம் டீக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னார். பிறகு என்னிடம், "தண்ணீர் கொதிக்கிற வரை. அதற்குள் எடுக்கச் சொல். எடுக்காவிட்டால் வெட்டுவேன்" என்றார். கத்தியை உறையில் போடவில்லை.

எத்திராஜ் காதில் துணியை அடைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மச்சான் மேலேயிருந்து மிதவைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், இரண்டு துண்டு வலை சேருகிற இடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே கோத்திருந்த கயிற்றை உருவி எடுத்தார். இரண்டு பக்கமும் தனித்தனியாயிற்று. எத்திராஜ் மூச்சு வாங்க மேலே வந்து சொன்னார்:

"சுக்கானு விட்டுச்சி. அடிப்பலகதான் கவ்வினு கீது. எல்லாரையும் ஒரு பக்கமா நிக்கச் சொல்லு, படகு சாயட்டும்."

நான், இங்கர், மச்சான் மூன்று பேரும் ஒரே பக்க விளிம்பில் போய்த் தொங்கினோம். கெட்டில் அடுப்பில் சீட்டியடிக்கத் தொடங்கியது. இங்கர் அதை அணைக்கப் போகவில்லை. லார்சனும் போகச் சொல்லவில்லை. கத்தியை வாயில் கவ்விக்கொண்டு அவரும் எங்கள் பக்கத்தில் வந்து தொங்கினார். படகு சாய்ந்தது. கீழே ஏதோ நழுவியது. மிதவைகள் எங்களை விட்டு விலகிப் போக ஆரம்பித்தன.

எத்திராஜ் மேலே வந்து வலையைக் கைக்குக் கை இழுத்துப் பார்த்தார். நாலைந்து கண்ணி கிழிந்திருந்தது. "இத நாளைக்கே கோத்து சரி பண்ணிடலாம்" என்றார். அப்புறம்தான் உட்கார்ந்து இருமினார்.

டீ கொடுத்தோம். மச்சான் சர்க்கரை ஜாஸ்தி போட்டுக்கொண்டார். எத்திராஜின் கண், கரைக்குப் போக எங்கள் தளத்தில் கட்டி வைத்திருந்த சின்னப் படகின் துடுப்பில் நின்றது. உரசுகிற இடத்தில் தேயாமலிருக்க லார்சன் அதில் தோல் சுற்றித் தைத்திருந்தார்.

"இது இன்னா, தோலா? கட்ட தேயாதோ?"

"தேயாது. எங்க ஊரு தோலுதான்."

"எந்த ஊரு?"

"ஆம்பூரு."

"அட ஆம்பூரு. பிரியாணி துன்னுட்டு சும்மா இருக்காம இங்க வந்து வலைல வுழுந்தியா" என்று மச்சான் கேட்டார். லார்சன் என்னவென்று கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

நாகப்பட்டினம் வரை லார்சன் தேவைக்குத்தான் பேசினார். ஷூ விறைத்தது, நான் எழுதிக்கொண்டேன். இறங்கும்போது கைகுலுக்கினார். தளத்தில் அந்தக் குறி அப்படியே இருந்தது.

ஆம்பூருக்கு வந்து அன்வர் பாயிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஏலக்காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"அவன் பையிலேந்து எடுத்தியா? நீயா கைய விட்டு?"

"ஆமா பாய்."

"வாயத்தான காட்பாடில எறக்கி வக்கச் சொன்னேன். கையையும் சேத்துச் சொல்லாம வுட்டது என் தப்பு."

அடுத்த சில வாரம் தபால்காரர் வரும்போதெல்லாம் பாய் என்னைப் பார்ப்பார். நான் டிரம்களைப் பார்ப்பேன். டிரம் ஓட்டுகிறவர்களுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. சயின்டிஸ்ட்டு என்று யாரும் கூப்பிடவில்லை. அதுதான் ரொம்ப பேஜாராக இருந்தது.

கடிதம் வரவில்லை, லார்சனே நேரில் வந்தார். மேஜையை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்தோம், லைட்டை அணைத்தோம். முதல் தோல் சுத்தம். இரண்டாவதும் அப்படியே. அடுத்ததன் சதைப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. லார்சன் பைக்குக் கையைக் கொண்டுபோனார், ஒரு நொடி என்னைப் பார்த்தார், மெழுகுக் குச்சியை எடுத்து எப்போதும் போடுகிற அதே அளவில் பெருக்கல் குறி போட்டார். அடுத்த தோலுக்குக் கையை நீட்டினார். சாயங்காலம் ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கு ரிஜெக்ட் ஆன எருமைத் தோலில் தடியான துண்டுகளாக ஒரு கட்டு கேட்டேன், எத்திராஜுக்கு அனுப்ப.

"ரிஜெக்ட்டுக்குன்னு பார்ட்டி புடிச்சினு வந்துட்டான் பாரு" என்றார் பாய். பிறகு அவரே மீன் எண்ணெயில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். பஸ் மாறி மாறிப் போய், எத்திராஜின் குப்பத்தில் நானே கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த சீசனிலும் லார்சன் படகில் வந்தார். புதுப் பதம் போட்ட தோலில் தைத்த ஷூவோடு நானும் ஏறினேன். இந்த முறை வாளி தேவைப்படவில்லை. கல்பாக்கம் தாண்டியதும் ஒரு கட்டுமரம் எங்கள் மூக்கை நோக்கிப் பாய்ந்து வந்தது. லார்சன் ஓடவில்லை. காற்றுக்கு எதிராகத் திருப்பி, பாயைத் தளரவிட்டு, படகை நிறுத்தினார். இங்கர் உள்ளே போனார், ஆனால் கதவைச் சாத்தவில்லை. கெட்டிலை வைக்கத்தான் போனார்.

எத்திராஜ்தான். அவர் துடுப்பில், கயிறு உரசுகிற இடத்தில், எங்கள் தோல் சுற்றியிருந்தது. மேலே நீலக் குறி தெரிகிற மாதிரியே கட்டியிருந்தார். எட்டி அதை அமுக்கிப் பார்த்தேன். பல மாதம் உப்புத் தண்ணீரில் கிடந்தும் விறைக்கவில்லை. என் காலிலிருந்த புது ஷூ அதற்குள் லேசாக விறைக்க ஆரம்பித்திருந்தது. டெஸ்ட்டுக்கு அந்தத் துண்டு வேண்டும் என்று கேட்டேன்.

"குடுக்க மாட்டேன். வேணும்னா வருஷா வருஷம் வந்து பாத்துக்கினு போ" என்றார். "ஆமா, நல்லதெல்லாம் வெள்ளக்காரனுக்கு, குறி போட்டது மட்டும் எனக்காய்யா ஆம்பூரு?"

வருஷா வருஷம் போய்ப் பார்த்தேன். ஷபானா, எங்கள் டயத்து சால்ட் டெஸ்ட் அதுதான். எங்கள் படகுத் தோலுக்கு மீன் எண்ணெயைக் கூட்டியதும் அந்தத் துடுப்பைப் பார்த்துத்தான்.

அன்றைக்கு டீ குடித்து முடித்ததும் எத்திராஜ் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு, துடுப்பைத் தூக்கிக் கிழக்கே காட்டினார். "வல அந்தப் பக்கம் கீது. கரைப் பக்கமா சுத்திப் போகச் சொல்லு."

நான் இங்கிலீஷில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் லார்சன் சுக்கானைக் கரைப் பக்கம் திருப்பியிருந்தார்.